மரம் போன பிறகு சரிந்த சுவர்: ஒரு ஜியோகேச் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் ஒரு மேய்ச்சல் நிலத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஜியோகேச்சிங் விளையாடுகிற சிலர் ஆளுக்கொரு சின்ன மரியாதையைத் தவறவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஒரு விவசாயியின் கல்சுவர் சரிந்தது, அவர் நிலத்தில் இந்த விளையாட்டுக்கு இருந்த இடமும் போனது. அந்தப் பகுதிக் குழுவில் நானும் ஒருவன். சுவர் சரிந்த பிறகு நடந்த பேச்சுவார்த்தைகளிலும் வேலையிலும் கூடவே இருந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

ஜியோகேச்சிங் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒருவர் ஒரு டப்பாவுக்குள் பதிவேடு வைத்து எங்காவது மறைத்து வைப்பார். அந்த இடத்தின் ஆயத்தொலைவை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிக் கண்டுபிடித்து, பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அந்த டப்பாவுக்குத்தான் கேச் என்று பெயர். ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. மே 3 அன்றே டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு அதன் ஆயத்தொலைவை அறிவித்தார். அதுதான் தொடக்கம்.

நாம் பேசப்போகிற கேச் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. பெரிய ஆஷ் மரம் ஒன்றின் அடியில் இருந்த பொந்துக்குள் அது இருந்தது. பொந்தின் வாயைத் தட்டையான ஒரு கல் மூடியிருந்தது. மரத்துக்கும் நிலத்தின் எல்லைச் சுவருக்கும் இடையே நாலைந்து மீட்டர் தூரம். கேச் பக்கத்தில் கொடுத்திருந்த துப்பு இவ்வளவுதான்: "கல்லுக்குப் பின்னால், தரையோடு." மரம் நின்றவரை அந்தத் துப்பில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. எட்டு கேச்கள் கொண்ட ஒரு வட்ட நடைப்பாதையில் இது ஐந்தாவது. குழந்தைகளோடு வருகிறவர்களும் அரை நாளில் முடித்துவிடலாம்.

வைத்தவர்கள் ஒரு நடுவயதுத் தம்பதி. நிலத்துக்காரரான பெரியவரிடம் நேரில் போய் அனுமதி கேட்டு வைத்தார்கள். வாய்மொழி அனுமதிதான். சில வருஷம் கழித்துத் தம்பதி வேறு மாவட்டத்துக்குக் குடிபோனார்கள். பெரியவரும் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தன் நிலத்தில் இப்படி இரண்டு டப்பாக்கள் இருப்பதே மகனுக்குத் தெரியாது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இடைவெளி இருந்தது.

நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பகுதியை வெள்ளைப் பீக் என்பார்கள். சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம். வேலிக்குப் பதிலாக எங்கு பார்த்தாலும் சாந்து பூசாத கல்சுவர்கள். பொதுப்பாதை அந்த நிலங்களின் ஊடாகப் போகும். பாதையில் நடந்து போக எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. பாதையை விட்டு இறங்கிச் சுவரில் கை வைக்க அந்த உரிமை இடம் தராது. கல்சுவரிலோ அதையொட்டியோ கேச் வைக்கக் கூடாது என்று பிரிட்டனுக்கான ஜியோகேச்சிங் வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது. தம்பதி அந்த விதியைத் தெரிந்துகொண்டுதான் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மரம் வெட்டப்படுகிறது

பிரிட்டனில் 2012-ல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் ஆஷ் மரங்களை வரிசையாகக் கொன்றுவருகிறது. வெள்ளைப் பீக் பள்ளத்தாக்குகளில் ஆஷ் மரமே பெரும்பான்மை என்பதால் அங்கே இழப்பும் அதிகம். பட்டுப்போன கிளை பாதையில் போகிறவர் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று நிலத்துக்காரர்கள் பாதையோர மரங்களை வெட்டிவிடுகிறார்கள். அந்த இலையுதிர் காலத்தில் நம் மரமும் போனது. அடிமரத்தைத் தரைமட்டமாக அறுத்துக் கிளைகளையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். பொந்தும் டப்பாவும் மூடுகல்லும் அதோடு போயின.

தொலைபேசி ஜி.பி.எஸ். திறந்த வெளியில்கூட சுமார் 5 மீட்டர் முன்பின் காட்டும். வைத்தவரின் கருவியில் இருந்த பிழையும் தேடுபவரின் கருவியில் இருக்கும் பிழையும் சேர்ந்தால் ஒரு வீட்டு முற்றத்தளவு வட்டம் ஆகிவிடும். மரம் இருந்தபோது அந்த வட்டத்துக்குள் கண்ணில் படுவது மரம்தான். மரம் போனதும் அந்த வட்டத்தில் மிஞ்சியது புல்லும் சுவரும். அப்போது "கல்லுக்குப் பின்னால், தரையோடு" என்ற துப்பை வாசித்துப் பாருங்கள். ஒரு வார்த்தைகூட மாறாமல், தேடுபவரைக் கைப்பிடித்துச் சுவருக்கே அழைத்துப் போகிற துப்பாகிவிட்டது.

பதிவுகளில் இருந்தவை, இல்லாதவை

மரம் வெட்டிய பிறகு வந்த பதிவுகளை வரிசையாக வைத்துப் படித்தோம்.

முதல் பதிவு, விளையாட்டுக்குப் புதிதான ஒரு தாயும் மகனும் எழுதியது. 'கிடைக்கவில்லை' என்ற வகையில் போட்டிருந்தார்கள். டி.என்.எஃப். என்று நாங்கள் சொல்வது இதைத்தான். "மரம் எதுவும் இல்லை, புதிதாக அறுத்த அடிமரம் மட்டும் இருக்கிறது. சுவரில் தேட வேண்டுமா? நாங்கள் தேடவில்லை." கூடவே அடிமரத்தின் படம். இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த சில வாரங்களுக்குப் பதிவே இல்லை. ஆனால் ஆட்கள் வராமல் இல்லை. பின்னால் குழுவுக்குள் விசாரித்தபோது, ஏழெட்டுப் பேர் போய்த் தேடிவிட்டு, ஒன்றும் எழுதாமல் திரும்பியது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், ஆயிரக்கணக்கில் கண்டெடுத்தவர்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். ஒருவர், "சரியாகத் தேடினேனா என்று எனக்கே உறுதியில்லை" என்றார். இன்னொருவர், டி.என்.எஃப். சேர்ந்தால் கேச்சின் ஆரோக்கிய மதிப்பெண் குறைந்து, வைத்தவருக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் போகும், நண்பரைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டேன் என்றார். மற்றொருவர் மறைக்காமல் சொன்னார்: "இவ்வளவு சுலபமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதக் கூச்சமாக இருந்தது." மூன்று காரணமும் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்றிலுமே தேடுபவரும் வைத்தவரும் மட்டும்தான் கணக்கில் இருக்கிறார்கள். அடுத்து வந்து அதே சுவர் முன்னால் நிற்கப்போகிறவர் யாருடைய கணக்கிலும் இல்லை. நிலத்துக்காரரும் இல்லை.

அப்புறம் ஒரு 'கிடைத்தது' பதிவு வந்தது. மூன்று நண்பர்கள் ஒரே நாளில் எட்டையும் முடிக்க வந்தவர்கள். "ஒரிஜினலைக் காணோம். அடுத்து வருகிறவர்கள் ஏமாற வேண்டாமென்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறோம். நன்றி." அவர்கள் வைத்தது பழைய கேமராப் ஃபிலிம் குப்பி. வைத்த இடம் சுவரின் கல் இடுக்கு. குப்பியின் மேல் இது ஜியோகேச் என்று சொல்லும் ஒட்டுச்சீட்டுகூட இல்லை.

இதைத்தான் த்ரோடவுன் என்கிறார்கள். காணாமல் போன கேச்சுக்குப் பதிலாக, வைத்தவரைக் கேட்காமலே வேறொன்றை வைத்துவிட்டு, கண்டெடுத்ததாகவும் பதிவு செய்துகொள்வது. இது வேண்டாம் என்று ஜியோகேச்சிங் தலைமை பலமுறை சொல்லியிருக்கிறது. இருந்தும் இதை உதவி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அதற்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஈ.டி. நெடுஞ்சாலையோரம் போன்ற இடங்களில் விதி அனுமதிக்கிற குறைந்தபட்ச இடைவெளியான 161 மீட்டருக்கு ஒன்று என்று கேச்களை வரிசையாக வைத்தார்கள். அத்தகைய வரிசைகளில் ஒன்று காணாமல் போனால் வருகிறவரே மாற்றி வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிப் போனது. வைத்தவர்களும் அதற்குச் சம்மதித்தார்கள். பாலைவனச் சாலையோரத்தில் சரியாக இருந்த அந்தப் பழக்கம், ஒருவர் ஆடு மேய்க்கும் நிலத்துக்கு வந்ததும் தப்பாகிவிட்டது.

குப்பி வந்த பிறகு நாலைந்து பேர் 'கிடைத்தது, சுலபம், நன்றி' என்று எழுதினார்கள். அதோடு அந்தத் தாயின் பதிவு செல்லாக்காசாகிவிட்டது. புதியவர், தேடத் தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் அதற்குப் பிறகு படித்தவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சுவரில்தான் கேச் இருக்கிறது என்பதும் எழுத்தில் ஊர்ஜிதமாகிவிட்டது.

குளிர்காலத்தின் நடுவில் குப்பியும் காணாமல் போனது. மறுபடி மௌனம். மறுபடி எழுதாமல் திரும்பியவர்கள்.

சுவர்

அந்தச் சுவர்களைத் தள்ளி நின்று பார்த்தால் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றும். உண்மையில் அது இரண்டு சுவர். ஒன்றையொன்று நோக்கி லேசாகச் சாய்ந்தபடி எழும். நடுவில் கைப்பிடியளவு சில்லுக்கற்களை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். இடையிடையே இரு பக்கத்தையும் பிணைக்கிற நீளக் கற்கள். உச்சியில் செங்குத்தாக நிறுத்திய தலைக்கற்கள், அவற்றின் கனம்தான் எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கிறது. ஒரு மீட்டர் நீளச் சுவரில் ஒரு டன்னுக்கு மேல் கல் இருக்கும்.

முகப்பிலிருந்து ஒரு கல்லை உருவினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கிற சில்லு பொலபொலவென்று அந்த வெற்றிடத்துக்குள் இறங்கும். உருவிய கல்லைத் திரும்பச் செருகினால் வெளியே பார்க்க முன்போலவே இருக்கும். உள்ளே பிடிமானம் போயிருக்கும். பனியில் ஈரம் உறைந்து விரியும், வெயிலில் தளரும். சில வாரத்தில் சுவருக்கு வயிறு தள்ளும். பிறகு ஒரு மழை நாளில் சரியும். கல்லை உருவியவர் அதற்குள் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார். "எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் வந்தோம்" என்று பிற்பாடு நாங்கள் கேட்ட ஒவ்வொருவரும் சொன்னார்கள். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

மார்ச் கடைசியில், ஆடு குட்டி போடும் பருவத்தில், சுவர் சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்குச் சரிந்தது. ஒற்றைக் குட்டி ஈன்ற தாயாடுகளை ஒரு பக்கமும் இரட்டைக் குட்டிக்காரிகளை இன்னொரு பக்கமும் பிரித்து விட்டிருந்தார் விவசாயி. தீவனம் வேறு, கவனிப்பு வேறு. இரவோடு இரவாக இரண்டும் கலந்துவிட்டன. பிறந்து ஓரிரு நாளான குட்டிகள் தாயைத் தவறவிட்டால் வேறு ஆடு சேர்க்காது, முட்டித் தள்ளிவிடும். விடியற்காலையிலிருந்து மதியம் வரை அவரும் அவர் மனைவியும் குட்டியைத் தாயோடு சேர்க்கும் வேலையே பார்த்தார்கள். இரண்டு குட்டிகள் சேரவே இல்லை. அவற்றைக் கடைசிவரை புட்டிப்பால் கொடுத்துத்தான் வளர்த்தார்கள்.

சரிந்த இடத்தை இரும்புத் தட்டி வைத்து அடைத்துவிட்டு, மழையில் இடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார். அடுத்த வார இறுதியில் இரண்டு பேர் கையில் தொலைபேசியோடு வந்து, தட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தலைக்கல் ஒன்றைத் தூக்கிப் பார்த்ததை நேரில் கண்டபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. அவர்கள் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டு, கேச் பக்கத்தைக் காட்டினார்கள். அதில் ஒருவர் எங்கள் குழுவுக்கு அன்று மாலையே தகவல் சொன்னார். அவரைப் பாராட்டத்தான் வேண்டும். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, கேச் பக்கத்தை என்ன செய்வது. வழக்கமாகக் குறை இருந்தால் 'உரிமையாளர் கவனிக்கவும்' என்று பதிவு போடுவோம். கேச் வைத்தவர் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கிவைத்து, சரிசெய்து, மறுபடி திறப்பார். இங்கே அந்தப் படியைத் தாண்டினோம். நேரே ரிவ்யூவரின் கவனத்துக்குக் கொண்டுபோனோம். ரிவ்யூவர் என்பவர் புதிய கேச்களைச் சரிபார்த்து வெளியிடுகிற தன்னார்வலர், ஒரு கேச்சை மூடிவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முடக்கிவைத்தால் பக்கம் வரைபடத்தில் தெரிந்துகொண்டே இருக்கும், 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று கிளம்புகிறவர்களும் இருப்பார்கள். நிலத்துக்காரர் வேண்டாம் என்கிற இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கக் கூடாது என்பதே எங்கள் ஒரே கணக்கு. ரிவ்யூவர் அன்றிரவே மூடினார்.

இரண்டாவது, விவசாயியை நேரில் பார்ப்பது. கடிதம், மின்னஞ்சல் வேண்டாம் என்று இரண்டு பேர் போனோம். பண்ணை வீட்டு வாசலில் நின்று பேசினோம். விளக்கம் எதுவும் முதலில் சொல்லவில்லை. நடந்ததை அவர் வாயால் சொல்லக் கேட்டோம், மேலே எழுதியிருக்கும் ஆட்டுக்குட்டி விவரமெல்லாம் அவர் சொன்னது. கடைசியில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பாதையை நான் மூடவில்லை. நடக்கிறவர்கள் நடக்கட்டும். சுவரில் யாராவது கை வைக்கும்படியான எதுவும் என் நிலத்தில் வேண்டாம்." சரி என்றோம். பேரம் பேசவில்லை. அவருடைய நிலத்தில் இருந்த இன்னொரு கேச், அது நல்ல நிலையில் ஒரு மரக்கம்பத்தில் இருந்தது, அதையும் அன்றே எடுத்துக்கொண்டு திரும்பினோம். அந்த இரண்டாவதைக் காப்பாற்றியிருக்கலாமே என்று குழுவில் சிலருக்கு வருத்தம். என் கருத்து வேறு. நம்பிக்கை போன இடத்தில் 'இது மட்டும் இருக்கட்டுமே' என்று கேட்பது, முதலில் கேட்ட மன்னிப்பையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது, சுவர். நாங்களே கட்டித் தருகிறோம் என்று சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். சரியான முடிவு. தெரியாதவர் கட்டிய சுவர் இரண்டு வருஷத்தில் மறுபடி விழும். அவருக்குப் பழக்கமான கல்சுவர்க்காரரை அவரே அழைத்தார். கூலியைக் குழுவில் விருப்பமுள்ளவர்கள் பகிர்ந்துகொண்டோம், எடுபிடி வேலைக்கு ஆளும் கொடுத்தோம். தேர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மீட்டர் கட்டினால் அதிகம். இங்கே சரிந்த பகுதிக்கு இரு புறமும் தளர்ந்திருந்ததையும் பிரிக்க வேண்டியிருந்ததால் வேலை கூடிப்போனது. கல்லை அளவுவாரியாகப் புல்லில் பரப்பி வைப்பது எங்கள் வேலை. கல்லின் நீளப் பக்கம் சுவருக்குள் போக வேண்டும், முகப்பில் நீட்டிப் படுக்கவைத்தால் பார்க்க அழகாக இருக்கும், நிற்காது என்று சொல்லிக்கொடுத்தார். சில்லைக் கூடையிலிருந்து கொட்ட விடவில்லை, ஒவ்வொன்றாகக் கையால் இறுக்கச் சொன்னார். பிரிக்கும்போது, அடிவரிசைக்குச் சற்று மேலே, சில்லுக்கு நடுவில் அந்த ஃபிலிம் குப்பி கிடைத்தது. இடுக்கு வழியாக உள்ளே நழுவி விழுந்திருக்கிறது. உள்ளே இருந்த காகிதம் ஊறிக் கூழாகி, பெயர் ஒன்றும் படிக்க முடியவில்லை. குளிர்காலம் முழுக்க ஆட்கள் தேடிக்கொண்டிருந்தது சுவரின் வயிற்றுக்குள் கிடந்த ஒன்றை.

நான்காவது முடிவில்தான் கருத்து வேறுபாடு வெடித்தது. குப்பி வைத்த மூவரை என்ன செய்வது? பொதுவில் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு தரப்பு. தனியாகப் பேச வேண்டும் என்று இன்னொரு தரப்பு. தனியாகப் பேசுவது என்றே முடிவானது. மூன்று பேரைக் காட்டி எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டால், எழுதாமல் திரும்பிய ஏழெட்டுப் பேரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குப்பி வைத்தவர்களாவது வைத்ததை வெளிப்படையாக எழுதினார்கள்.

'கிடைத்தது' பதிவுகளை நீக்குவதா என்ற கேள்வி கேச் வைத்த தம்பதியிடம் போனது. கேச்சின் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் பதிவை நீக்க அவர்களுக்கு உரிமை உண்டு. குப்பியின் காகிதம் அவர்கள் வைத்த பதிவேடு அல்ல. மனைவி வேண்டாம் என்றார். பின்னால் வந்தவர்கள் குப்பியைக் கண்டு, அதுதான் கேச் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள், அவர்கள் மகிழ்ச்சியை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். முதல் மூவரிடம் மட்டும், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இதைவிட நிதானமான தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் நடந்தவை

மூவரில் இரண்டு பேர் பதிவை டி.என்.எஃப். என்று மாற்றினார்கள், ஒருவர் சுவர் வேலைக்கும் வந்தார். மூன்றாமவருக்குக் கோபம். "உதவி செய்தவனைத் திருடனைப் போல நடத்துகிறீர்கள்" என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டார். அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. எத்தனையோ கேச் பக்கங்களில் த்ரோடவுனுக்கு "கேச்சை உயிரோடு வைத்ததற்கு நன்றி" என்று வைத்தவர்களே பதில் எழுதியிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். பராமரிக்க நேரமில்லாத உரிமையாளர்கள் அதை ஊக்குவித்துவிட்டு, விபரீதம் நடந்த இடத்தில் மட்டும் விதியைக் காட்டுவது சரியல்ல.

தம்பதிக்கு ஏன் எதுவும் தெரியவில்லை என்பதும் பிறகு வெளியானது. கணக்கில் கொடுத்திருந்தது பழைய அலுவலக மின்னஞ்சல். வேலை மாறியதிலிருந்து கேச் பற்றிய ஒரு தகவலும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தத் தாயின் பதிவும் படமும் யாரும் திறக்காத அஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்தத் தாய்க்குக் குழுவின் சார்பில் நன்றி சொல்லி எழுதினோம். அன்போடு பதில் போட்டார். தனக்குப் பிறகு எல்லோருக்கும் 'சுலபமாக' கிடைத்ததைப் பார்த்து, நமக்கு இது சரிப்படாது என்று செயலியையே எடுத்துவிட்டதாகச் சொன்னார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது இது. சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர். இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதினார், சுவரைத் தொடவில்லை, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். நாங்கள் அவரைத்தான் இழந்தோம்.

குழுவுக்குள் சில வாரம் கசப்பு இருந்தது. எண்ணிக்கைக்காக ஓடுகிறவர்கள் விளையாட்டைக் கெடுக்கிறார்கள் என்று பழைய ஆட்கள் பேசினார்கள். எழுதாமல் திரும்பியவர்கள் யார் என்ற பட்டியல் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கியது.

பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கும் செய்தி போயிருந்தது. ஒருவர், சீட்டு ஒட்டாத குப்பியைப் பற்றிக் கேட்டார். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் ஒரு ஜியோகேச்சை வெடிகுண்டு என்று சந்தேகித்து ராணுவம் வந்து வெடிக்கவைத்தது அவருக்கு நினைவிருந்தது. தன் வாயிற்கம்பத்தில் இருக்கும் கேச்சை எடுத்துவந்து திறந்து காட்டச் சொன்னார். ஒட்டுச்சீட்டு, பதிவேடு, அனுமதி விவரம் எல்லாம் பார்த்த பிறகு இருக்கட்டும் என்றார்.

மாற்றியவை, இனி மாற்ற வேண்டியவை

மீதமிருந்த ஆறு கேச்களையும் தம்பதி, அந்தப் பகுதியிலேயே வசிக்கும் ஒருவருக்கு மாற்றிக்கொடுத்தார்கள். இணையதளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. தூரத்தில் இருந்துகொண்டு பிடிவாதமாக வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். புதியவர் முதல் வேலையாக ஒவ்வொரு நிலத்துக்காரரையும் பார்த்து, பெயரும் தொலைபேசி எண்ணும் குறித்துக்கொண்டார். நிலம் கை மாறினால் மறுபடி கேட்கவும் ஒப்புக்கொண்டார்.

ஆறு பக்கங்களிலும் முதல் வரி இப்போது ஒன்றுதான்: "கேச் சுவரில் இல்லை. சுவரைத் தொட வேண்டியிருக்கிறது என்று தோன்றினால், கேச் காணாமல் போயிருக்கிறது என்று பொருள். டி.என்.எஃப். போட்டுவிட்டு நகருங்கள்." துப்புகளையும் திருத்தினார். அக்கம்பக்கம் மாறினாலும் தப்பான பொருள் தராதபடி, எந்த மரம், எந்தக் கம்பம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். அது இல்லையென்றால் தேட வேண்டாம் என்றும் சேர்த்திருக்கிறார்.

டி.என்.எஃப். விஷயத்தில் குழுவாக ஒரு பழக்கத்துக்கு வந்திருக்கிறோம். தேடத் தொடங்கிவிட்டுக் கிடைக்காமல் கிளம்பினால், ஐந்து நிமிஷம் தேடியிருந்தாலும் பதிவு. அதில் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி. புதியவர் கேள்வி கேட்டிருந்தால், முன்பு அங்கே போய் வந்த யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். இடத்தைக் காட்டிக்கொடுக்காமல், "சுவரில் இல்லை" என்றாவது சொல்லலாம். அந்த இலையுதிர் காலத்தில் இந்த இரண்டு சொல் போதுமாக இருந்திருக்கும்.

இன்னும் தீராத ஒன்று, ஆஷ் மரங்கள். ஆறில் இரண்டு கேச் இப்போதும் ஆஷ் மரத்தடியில்தான் இருக்கின்றன, இரண்டு மரத்திலும் உச்சிக் கிளைகள் பட்டுவிட்டன. வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லும்படி நிலத்துக்காரர்களைக் கேட்டிருக்கிறோம். ஒருவர் சம்மதித்தார், இன்னொருவர் நினைவிருந்தால் சொல்கிறேன் என்றார். அதனால் அந்த இரண்டாவதை ஆடு குட்டி போடும் பருவத்துக்கு முன்பே எடுத்துவிட்டு, பாதைத் திருப்பத்தில் உள்ள வழிகாட்டிக் கம்பத்துக்கு மாற்ற அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.